மின்சாரத்துக்கு எல்லை இல்லை, மின்கம்பியாளுக்கு மட்டும் எல்லையா?

குடிபாலாவிலிருந்து வேலூர்ச் சாலையில் போனால் நரகரிப்பேட்டை. அதைத் தாண்டினால் தமிழ்நாடு. இப்பக்கத்து வேர்க்கடலையும் அப்பக்கத்து வேர்க்கடலையும் ஒரே மழைக்குக் காத்துக் கிடப்பவை. இப்பக்கத்து வீட்டில் எரியும் விளக்கும் அப்பக்கத்து வீட்டில் எரியும் விளக்கும் ஒரே 230 வோல்ட், ஒரே 50 சைக்கிள் மின்சாரத்தில் எரிபவை. ஆனால் அந்த விளக்கை எரியவைக்கச் சுவரைக் கொத்திக் குழாய் பதித்துக் கம்பி இழுக்கிறானே தொழிலாளி, அவன் சட்டைப்பையில் இருக்கும் தகுதிச் சான்றிதழ் மட்டும் நரகரிப்பேட்டையோடு வெறுந்தாளாகிவிடுகிறது. இது என்ன நியாயம் என்று கேட்கத்தான் இக்கட்டுரை.

ஒருவரை எடுத்துக்கொள்வோம். பெயர் வேண்டாம், இப்படிப்பட்டவர் நம்மிடையே பலர். காட்பாடிப் பக்கத்தில் பிறந்தவர். பதினாறு வயதில் ஒரு மேஸ்திரியிடம் ஏணி பிடிக்கச் சேர்ந்தவர். தமிழ்நாட்டு அரசு நடத்தும் மின்கம்பியாள் உதவியாளர் தகுதிகாண் தேர்வை எழுத 21 வயது நிறைந்திருக்க வேண்டும், ஐந்தாண்டுக்குக் குறையாத ஒயரிங் அனுபவமும் வேண்டும். இரண்டும் நிறைந்தபின் எழுதித் தேறினார். பிறகு பெண் கொடுத்த வீடு குடிபாலாவில் என்பதாலோ, சித்தூரில் கட்டட வேலை மிகுதி என்பதாலோ எல்லை தாண்டி வந்தார். கையும் அதே கை, கருவியும் அதே கருவி. ஆனால் இங்கே அவர் யார்? கூலியாள். பத்தாண்டு வேலை தெரிந்தவர், நேற்றுச் சேர்ந்த பையனோடு சமமாக நிற்கிறார்.

இதில் சட்டம் என்ன சொல்கிறது என்பதை நம்மவர் பலர் அறியார். அறிய வேண்டும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளில் 45ஆம் விதி என்று ஒன்று இருந்தது. பல்பு மாற்றுவது, பியூஸ் போடுவது, கெட்ட சுவிட்சுக்கு வேறு சுவிட்சு பொருத்துவது போன்ற சில்லறை வேலைகளை விட்டுவிட்டு, ஒரு வீட்டிலோ கடையிலோ புதிதாக ஒயரிங் செய்வதென்றாலும், இருப்பதை மாற்றுவதென்றாலும், கூட்டுவதென்றாலும் மூன்று பேர் வேண்டும் என்றது அவ்விதி. மாநில அரசின் உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரர் ஒருவர். தகுதிச் சான்றிதழ் பெற்ற மேற்பார்வையாளர் ஒருவர். பெர்மிட் பெற்ற தொழிலாளி ஒருவர். பின்னர் 2003ஆம் ஆண்டு மின்சாரச் சட்டம் வந்தது. அச்சட்டத்தின்கீழ் மத்திய மின்சார ஆணையம் 2010இல் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளை வெளியிட்டது; 2023இல் அவற்றையும் புதுப்பித்தது. எண்கள் மாறின, ஏற்பாடு மாறவில்லை. உரிமம், சான்றிதழ், பெர்மிட் என்ற முக்கால் முக்காலி அப்படியே நிற்கிறது.

அந்த விதியில் ஒரு சொல் உண்டு. அதை நம் தோழர்கள் அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ள வேண்டும். தொழிலாளியின் பெர்மிட் மாநில அரசால் 'வழங்கப்பட்டதாகவோ அங்கீகரிக்கப்பட்டதாகவோ' இருக்கவேண்டும் என்பதே விதியின் கருத்து. வழங்கப்பட்டதாக மட்டும் என்று எழுதியிருக்கலாமே? எழுதவில்லை. அங்கீகரிக்கப்பட்டதாகவோ என்று சேர்த்திருக்கிறார்கள். மற்றொரு மாநிலம் கொடுத்த பெர்மிட்டை இந்த மாநிலம் ஏற்றுக்கொள்ளலாம் என்பதற்கான கதவு அது. எழுபதாண்டாகக் கதவு சுவரில் இருக்கிறது. ஆனால் எந்த மாநிலம் எவருடைய சான்றிதழை ஏற்கும், எந்தப் படிவத்தில் கேட்கவேண்டும், எத்தனை நாளில் பதில் சொல்லவேண்டும் என்பதெல்லாம் அந்தந்த மாநிலத்தின் விதிக்கும், அங்குள்ள உரிம வாரியத்தின் மனத்துக்கும் விடப்பட்டிருக்கிறது. கேட்டுப் பெறும் உரிமையாக அது இல்லை; கொடுத்தால் வாங்கிக்கொள்ளும் தயவாக இருக்கிறது.

ஆகவே நம் மின்கம்பியாள் என்ன செய்கிறார்? தொழிலில் உள்ள எல்லோரும் அறிந்த, ஆனால் எவரும் வாய்விட்டுச் சொல்லாத வழியைப் பிடிக்கிறார். வேலையை அவர் செய்கிறார். கையெழுத்தை உள்ளூர் லைசென்ஸ்காரர் ஒருவர் போடுகிறார். கையெழுத்துக்கு ஒரு தொகை. சில நேரங்களில் அந்தக் கையெழுத்துக்காரர் வீட்டையே பார்த்திருக்கமாட்டார்.

இதைக் கூலி வயிற்றெரிச்சலாக மட்டும் பார்க்காதீர்கள். வீட்டுக்காரன் உயிரும் இதில் இருக்கிறது. ஒயரிங் முடிந்ததும் கொடுக்கும் டெஸ்ட் ரிப்போர்ட் என்பது என்ன? மெகர் வைத்து 500 வோல்ட் நேர்மின்னழுத்தத்தை ஒரு நிமிடம் கொடுத்துப் பார்க்கவேண்டும். கம்பிக்கும் பூமிக்கும் இடையே காப்புத்தடை ஒரு மெகா ஓமுக்குக் குறையாமல் இருக்கவேண்டும். எர்த் குழி சரியாக இருக்கிறதா, எர்த் கம்பி ஒவ்வொரு மூன்று பின் பிளக்குக்கும் வந்து சேர்ந்திருக்கிறதா, சுவிட்சு பேஸ் கம்பியில் இருக்கிறதா, நியூட்ரலில் இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். சுவிட்சு நியூட்ரலில் இருந்துவிட்டால் விளக்கு அணைந்திருக்கும், ஹோல்டரில் மின்சாரம் இருக்கும். பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறும் அம்மாவுக்கு அது எப்படித் தெரியும்? ஈரக்கையோடு கிரைண்டரைத் தொடும் பெண்ணுக்கு, எர்த் கம்பி சுவருக்குள்ளேயே துண்டாகிக் கிடப்பது எப்படித் தெரியும்? இதையெல்லாம் பார்த்துவிட்டேன் என்று சொல்லும் கையெழுத்தே டெஸ்ட் ரிப்போர்ட். பார்த்தவன் கையெழுத்திடக் கூடாது, கையெழுத்திடுபவன் பார்க்கவேண்டியதில்லை என்று ஓர் ஏற்பாடு நடக்குமானால், அது யாருடைய பாதுகாப்புக்காக?

விபத்து நேர்ந்தபின் நடப்பது இன்னும் கொடுமை. கையெழுத்திட்டவர், அந்த ஆள் என்னிடம் வேலை செய்பவனே அல்ல என்கிறார். வேலை செய்தவரிடம் காட்டுவதற்கு ஒரு தாளும் இல்லை. இருக்கும் தாளும் வேற்று மாநிலத்தது. பெர்மிட் இல்லாமல் வேலை செய்த குற்றமும் சேர்ந்துகொள்கிறது. நன்றாக வேலை செய்தபோது இல்லாத பெயர், பழி வரும்போது மட்டும் அவருக்கு வந்துவிடுகிறது.

இனி எதிர்வாதத்தைக் கேட்போம். கேட்காமல் போவது நேர்மையல்ல.

ஒவ்வொரு மாநிலமும் தன் மக்களின் உயிருக்குப் பொறுப்பு. எங்கோ எவனோ கொடுத்த சான்றிதழை நம்பி எப்படி விடுவது என்பார்கள். சரி. அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவு, இந்நாட்டின் எப்பகுதியிலும் குடியேறவும், எத்தொழிலையும் செய்யவும் குடிமக்களுக்கு உரிமை தருகிறது. அதே பிரிவின் ஆறாம் உட்பிரிவு, தொழிலுக்கு வேண்டிய தகுதிகளை அரசு விதிக்கலாம் என்றும் சொல்கிறது. நாம் அதை மறுக்கவில்லை. தகுதியே வேண்டாம் என்று கேட்பவன் மின்கம்பியாள் அல்லன், கொலையாளி. நம் கேள்வி வேறு. தகுதி உண்டு என்று ஓர் அரசு சோதித்துச் சொன்னபின், அதே நாட்டின் இன்னோர் அரசு அதை முதலிலிருந்து சோதிப்பது ஏன்? குடிபாலாவில் பேஸ் கம்பிக்கு ஒரு நிறம், காட்பாடியில் வேறு நிறமா? அங்கே பூமியில் பாயும் மின்சாரம் இங்கே வானத்தில் பாய்கிறதா? மின்சாரம் அரசியல் சட்டத்தின் பொதுப்பட்டியலில் 38ஆம் இடத்தில் இருக்கிறது. பாதுகாப்பு ஒழுங்குமுறை நாடு முழுமைக்கும் ஒன்று. சோதிக்கும் மெகருக்கும் தெலுங்கு, தமிழ் என்ற பேதம் இல்லை.

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாகப் பிரித்துப் பார்க்கவேண்டும். ஒப்பந்தக்காரரின் உரிமம் வேறு, தொழிலாளியின் தகுதிச் சான்று வேறு. உரிமம் என்பது ஒரு வணிகத்துக்குக் கொடுப்பது. அலுவலகம் எங்கே, கருவிகள் உண்டா, யாரை வேலைக்கு வைத்திருக்கிறார், புகார் வந்தால் எங்கே பிடிப்பது என்றெல்லாம் அந்த மாநிலம் கேட்பது நியாயம். சித்தூரில் வணிகம் செய்பவரைச் சித்தூரில் பதிவு செய் என்பதில் தவறில்லை. ஆனால் தகுதிச் சான்று என்பது ஒரு மனிதனின் அறிவைப் பற்றியது. அறிவு கடைப்பலகை அல்ல, இடம் மாறினால் கழற்றி வைத்துவிட்டு வருவதற்கு. உரிமத்தை மாநிலம் வைத்துக்கொள்ளட்டும். சான்றிதழைத் தொழிலாளியோடு நடந்துவர விடுங்கள் என்பதே நம் கோரிக்கை.

முடியாத காரியமா இது? இதே நாட்டில் மற்றவர்களுக்கு முடிந்திருக்கிறதே!

காட்பாடியில் வாங்கிய மோட்டார் ஓட்டுநர் உரிமத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின்படி அது இந்தியா முழுவதும் செல்லும். பத்து டன் லாரியை ஓட்டிக்கொண்டு நரகரிப்பேட்டையைத் தாண்டும் டிரைவரிடம், எட்டுப் போட்டுக் காட்டு என்று ஆந்திர அரசு கேட்பதில்லை. அதே லாரியின் பின்னால் ஏணியோடு உட்கார்ந்து வரும் மின்கம்பியாளிடம் கேட்கிறது. எவனால் அதிக உயிர் போகக்கூடும் என்று கணக்குப் பார்த்தால் இந்த ஏற்பாட்டுக்குத் தலையும் இல்லை, காலும் இல்லை.

வழக்கறிஞர்களின் கதை இன்னும் சுவையானது. அவர்களும் மாநிலவாரியாகத்தான் பதிவு செய்கிறார்கள். ஆனால் 1961ஆம் ஆண்டு வழக்கறிஞர் சட்டத்தின் 18ஆம் பிரிவைப் பாருங்கள். ஒரு மாநிலப் பட்டியலிலிருந்து இன்னொரு மாநிலப் பட்டியலுக்குப் பெயரை மாற்றக்கோரி இந்திய வழக்கறிஞர் மன்றத்துக்கு விண்ணப்பிக்கலாம். மாற்றத்துக்குக் கட்டணம் இல்லை என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. பழைய பட்டியலில் இருந்த முதுநிலையும் புதிய பட்டியலில் அப்படியே தொடரும். ஒழுங்கு நடவடிக்கை நிலுவையில் இருந்தாலோ, விண்ணப்பம் நேர்மையாகத் தோன்றாவிட்டாலோ மறுக்கலாம். அவ்வளவுதான். போதாததற்கு, நாடு முழுவதும் வழக்காடும் உரிமை தரும் 30ஆம் பிரிவும் 2011 சூன் 15 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. கட்டடக் கலைஞர்களுக்கு 1972ஆம் ஆண்டுச் சட்டப்படி நாடு முழுமைக்கும் ஒரே பதிவேடு. ஆக, வீட்டை வரைந்து கொடுப்பவர் எல்லை தாண்டலாம், வீட்டுக்காக வழக்காடுபவர் எல்லை தாண்டலாம். வீட்டுக்குள் கம்பி இழுப்பவர் தாண்டக்கூடாது. சட்டம் எழுதுபவர்கள் எந்த வீட்டில் பிறந்தவர்கள் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சரக்கைப் பாருங்கள். 2017 சூலை 1 முதல் சரக்கு சேவை வரி வந்தபின், இந்த எல்லையில் லாரிகளை நிறுத்தி வைத்த விற்பனை வரிச் சாவடிகள் போய்விட்டன. அரிசியைப் பாருங்கள். 2019 ஆகத்தில் ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டுத் திட்டத்தை முதலில் தொடங்கிய மாநிலங்களில் ஆந்திரமும் தெலங்கானாவும் இருந்தன. 2020இல் தமிழ்நாடும் சேர்ந்தது. வேலூரில் வாங்கிய ஒயர்ச் சுருள் எல்லை தாண்டிவிட்டது. அதை இழுப்பவனின் அரிசியும் தாண்டிவிட்டது. அவன் தொழில் மட்டும் அந்தப் பக்கமே நிற்கிறது.

வெளிநாட்டில் இதை எப்படித் தீர்த்தார்கள் என்பதும் தெரிந்துகொள்ளத் தக்கது. ஆஸ்திரேலியாவும் மாநிலங்களின் கூட்டாட்சிதான். அங்கும் எலக்ட்ரீசியன் உரிமம் மாநிலம்தோறும் தனித்தனி. 1992இல் பரஸ்பர அங்கீகாரச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். ஒரு மாநிலத்தில் பதிவு பெற்ற தொழிலாளி, இன்னொரு மாநிலத்தின் வாரியத்துக்கு முறையாக அறிவிப்புக் கொடுத்துவிட்டால் போதும். அதற்கு நிகரான தொழிலில் பதிவு பெற அவருக்கு உரிமை வந்துவிடுகிறது. வாரியம் ஒரு மாதத்துக்குள் முடிவு சொல்லவேண்டும். அதுவரை அவர் பதிவு பெற்றவராகவே கருதப்பட்டு வேலை செய்யலாம். 2021 சூலையிலிருந்து பெரும்பாலான மாநிலங்களில் இது இன்னும் எளிதாக்கப்பட்டது. சிட்னியில் கம்பி இழுக்கும் நம் தமிழன் மெல்போர்னுக்குப் போனால் அனுபவிக்கும் உரிமை, காட்பாடியிலிருந்து குடிபாலாவுக்கு வந்தவனுக்கு இல்லை.

அமெரிக்காவில் ஒரு விந்தையான தொழில் உண்டு. வீடு வாங்குபவருக்காக அந்த வீட்டின் கூரை, சுவர், குழாய், ஒயரிங் எல்லாவற்றையும் பார்த்து அறிக்கை தரும் வீட்டுச் சோதகர். பல மாநிலங்களில் அதற்கு உரிமம் வேண்டும். கலிபோர்னியா போன்ற சிலவற்றில் உரிமமே கிடையாது. ஒரு மாநிலத்தில் உரிமம் பெற்றவர் அடுத்த மாநிலத்துக்குப் போனால் பாடநேரத்தையும் தேர்வையும் புதிதாகக் காட்டவேண்டிய தொல்லை அங்கும் இருந்தது, இன்றும் பல இடங்களில் இருக்கிறது. 2019இல் அரிசோனா மாநிலம் துணிந்து ஒரு சட்டம் இயற்றியது. வேறு மாநிலத்தில் ஓராண்டுக்குக் குறையாமல் உரிமம் வைத்திருந்து, கெட்ட பெயர் எடுக்காமல், அரிசோனாவில் வந்து குடியமர்ந்தவர் எவராயினும் அவருக்கு நிகரான உரிமம் கொடு என்றது. உள்ளூர்ச் சட்டத்தைப் பற்றி வேண்டுமானால் ஒரு தேர்வு வைத்துக்கொள் என்றது. பின்னர் வேறு பல மாநிலங்களும் அவ்வழியில் சென்றன. நம் ஊரில் வீட்டைச் சோதித்துச் சட்டப்படி கையெழுத்திடும் இடத்தில் இருப்பவர்கள் மின் ஒப்பந்தக்காரரும் அவருடைய மேற்பார்வையாளரும். நம் வீட்டுச் சோதகர்கள் அவர்கள்தாம்.

இன்னொரு எதிர்வாதமும் உண்டு. மேடையில் சொல்லமாட்டார்கள், தேநீர்க் கடையில் சொல்வார்கள். 'தமிழ்நாட்டுக்காரன் வந்து நம் பையன்கள் பிழைப்பைக் கெடுக்கிறான்' என்பது. ஆந்திரத்துக்கு அரசியல் சட்டத்தில் 371 டி என்ற சிறப்புப் பிரிவு இருக்கிறதே, உள்ளூராருக்கு முதலிடம் என்கிறதே என்று படித்தவர்களும் கலந்து பேசுவார்கள். அப்பிரிவு அரசு வேலைக்கும் கல்லூரி இடத்துக்கும் உரியது. ஒருவன் சொந்தக் கையால் பிழைப்பதற்கு அது குறுக்கே நிற்பதில்லை.

பிழைப்பு வாதத்துக்கு நாம் சொல்லும் பதில், எங்களுக்கு மட்டும் கொடு என்பதாக இருக்கக்கூடாது. இதை நம்மவர்க்கே அழுத்திச் சொல்கிறேன். சித்தூரிலிருந்தும் குப்பத்திலிருந்தும் வேலூருக்கும் ஓசூருக்கும் சென்னைக்கும் போய்ப் பிழைக்கும் தெலுங்குத் தோழன் இருக்கிறான். ஆந்திரம் கொடுத்த அவன் பெர்மிட்டும் கிறிஸ்டியான்பேட்டையில் இதே போலத்தான் வெறுந்தாளாகிறது. அவனுக்கும் நமக்கும் பகை ஒன்றுமில்லை. கையெழுத்தை விற்பவனுக்கும் நம் இருவருக்கும்தான் பகை. இரண்டு பக்கமும் சான்றிதழ் செல்லுபடியானால் வாடகைக் கையெழுத்து வணிகம் இரண்டு பக்கமும் படுத்துவிடும். பெர்மிட் இல்லாதவனைக் குறைந்த கூலிக்கு வைத்துக்கொள்ளலாம் என்ற ஆசையும் ஒப்பந்தக்காரனுக்குப் போய்விடும். அப்போது உள்ளூர்ப் பையனின் கூலியும் கீழே இழுக்கப்படாது.

எல்லைக்கோடு ஒன்றும் மலையில் பிறந்ததல்ல என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும். 1911 வரை சித்தூர் வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது. மாவட்டத் தலைநகரும் அதுவே. 1953 அக்டோபர் 1 அன்று ஆந்திர மாநிலம் பிறந்தபோது சித்தூர் மாவட்டம் அதனோடு போயிற்று. வடக்கெல்லைப் போராட்டத்தின் பயனாக, படாஸ்கர் பரிந்துரைப்படி 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி சென்னை மாநிலத்துக்கு வந்தது. செங்கற்பட்டு மாவட்டத்தில் இருந்த சத்தியவேடு பகுதி ஆந்திரத்துக்குப் போயிற்று. நிலத்தை அளந்து கொடுத்து வாங்கிய இரு அரசுகளும், அந்நிலத்தில் நடமாடும் தொழிலாளியின் தாளைக் கொடுத்து வாங்க மறந்துவிட்டன. அது 1960. இன்று அதே சத்தியவேடு பக்கத்தில் சிறீசிட்டி எழுந்து நிற்கிறது. தொழிற்சாலைக் கூரைகளுக்குக் கீழே இரு மாநிலத் தொழிலாளரும் ஒரே ஏணியில் ஏறுகிறார்கள். நம் குடிபாலா மண்டலத்திலேயே, வேலூர்க் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் சித்தூர் வளாகம் இருக்கிறது. வேலூர்த் தொண்டுக்கு எல்லை தாண்ட வழி கிடைத்ததில் நமக்கு மகிழ்ச்சியே. வேலூர்ப் பக்கத்துத் தொழிலாளிக்கும் கிடைக்கட்டும்.

தெலுங்குத் தோழர்கள் இதை நம் பிரச்சினை என்று ஒதுக்க முடியாதபடி 2014 சூன் 2 வந்து சேர்ந்தது. அன்று காலை அனந்தபுரத்து மின்கம்பியாளும் ஐதராபாத்து மின்கம்பியாளும் வெவ்வேறு மாநிலத்தவர் ஆனார்கள். முதல் நாள் வரை ஒரே வாரியம், மறுநாள் இரண்டு. 1953இல் நமக்கு நேர்ந்தது அறுபத்தோராண்டுக்குப் பின் அவர்களுக்கே நேர்ந்தது. கோடு போடும் கைக்கு மொழி கிடையாது.

நம் பக்கத்துக் குறையையும் மறைக்கவேண்டாம். சான்றிதழ் செல்லவில்லை என்று முறையிடுபவர்களில் சான்றிதழே இல்லாதவர்களும் இருக்கிறார்கள். 'கைப்பழக்கம் போதும் அண்ணே, தாள் எதற்கு' என்று இருந்துவிட்டார்கள். இவர்களுக்காக வாதாட முடியாது. தமிழ்நாட்டில் தேர்வு அறிவிப்பு வரும்போது எழுதுங்கள். அல்லது இங்கேயே எழுதுங்கள். இங்கே எழுதுவதில் மொழித் தொல்லை உண்டு என்பது உண்மைதான். செய்முறையில் பத்துக்குப் பத்து வாங்குகிறவன், கேள்வித்தாளின் மொழியில் தடுக்கி விழுகிறான். சித்தூர், திருப்பதி மாவட்டங்களில் தமிழிலும், வேலூர், திருவள்ளூர், கிருட்டினகிரி மாவட்டங்களில் தெலுங்கிலும் இத்தேர்வின் வினாக்களைத் தரவேண்டும் என்பதையும் கோரிக்கையில் சேர்க்கவேண்டும். அபாயப் பலகை மட்டும் எல்லா மொழியிலும் எழுதுகிறார்களே!

போலிச் சான்றிதழ் வரும் என்கிற அச்சத்துக்கு இன்று பெரிய விடை தேவையில்லை. அந்தக் காலத்தில் சென்னைக்கு ஒரு கடிதம் எழுதிப் பதில் வர ஆறு மாதம் ஆகும் என்றால் ஒப்புக்கொள்ளலாம். இன்று எண்ணைக் கொடுத்தால் ஒரு வாரியம் இன்னொரு வாரியத்திடம் ஒரே நாளில் சரிபார்க்கலாம். ஓட்டுநர் உரிமத்துக்கு நாடு முழுவதும் அதைத்தானே செய்கிறார்கள்?

ஆந்திர, தமிழ்நாட்டு அரசுகள் செய்யவேண்டியது பெரிய காரியம் அல்ல. நாடாளுமன்றத்தில் சட்டம் வேண்டாம், வழக்கு வேண்டாம். விதியில் ஏற்கெனவே இருக்கும் 'அங்கீகரிக்கப்பட்ட' என்ற சொல்லுக்கு உயிர் கொடுத்து ஆளுக்கோர் அரசாணை போட்டால் போதும். அடுத்த மாநில வாரியம் தேர்வு வைத்துக் கொடுத்த மேற்பார்வையாளர் சான்றிதழும் மின்கம்பியாள் பெர்மிட்டும் இங்கே செல்லும். விண்ணப்பித்த முப்பது நாளில் சரிபார்த்து முத்திரை இடவேண்டும். மறுத்தால் காரணம் எழுதித் தரவேண்டும். முப்பது நாள் கடந்தும் பதில் இல்லையேல் ஏற்றுக்கொண்டதாகவே கருதவேண்டும். கருநாடகமும் சேர்ந்தால் கோலார் வரைக்கும் குப்பம் வரைக்கும் வழி திறக்கும். கூடவே, டெஸ்ட் ரிப்போர்ட்டில் ஒப்பந்தக்காரர் கையெழுத்துக்குக் கீழே, சோதனையைத் தன் கையால் செய்த தொழிலாளியின் பெயரும் பெர்மிட் எண்ணும் எழுதப்படவேண்டும். இது நடந்தால் வீட்டைப் பாராமல் கையெழுத்திடுபவர் தானே ஒதுங்குவார்.

அதற்கிடையில் குடிபாலா, நகரி, சத்தியவேடு, குப்பம் பகுதித் தோழர்கள் ஒன்று செய்யலாம். சான்றிதழ் வைத்திருப்பவர்கள் அதன் நகலோடும், தேர்ச்சி பெற்ற ஆண்டோடும், பழைய ஒப்பந்தக்காரரிடம் வாங்கிய அனுபவக் கடிதத்தோடும் ஆந்திர மின் உரிம வாரியத்துக்கு அங்கீகாரம் கோரி எழுத்தில் விண்ணப்பியுங்கள். வாய்மொழியாகக் கேட்டுவிட்டு வாய்மொழியாக இல்லை என்ற பதிலோடு திரும்பாதீர்கள். பதிவுத் தபாலில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராவிட்டால் 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி இரு மாநில வாரியங்களையும் கேளுங்கள்: கடந்த ஐந்தாண்டில் வேற்று மாநிலச் சான்றிதழை ஏற்கக்கோரி வந்த விண்ணப்பங்கள் எத்தனை, ஏற்றவை எத்தனை, மறுத்தவை எத்தனை, எந்த விதியின்படி மறுத்தீர்கள், ஒவ்வொன்றுக்கும் எத்தனை நாள் எடுத்தீர்கள். முப்பது நாளில் அவர்கள் பதில் சொல்லியாகவேண்டும். தெலுங்குத் தோழர்களும் இதே கேள்வியைச் சென்னைக்கு அனுப்பட்டும். இரண்டு பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இவ்விதழில் அச்சிடுவோம்.